அலபாமாவில் ஒரு டீச்சர்

ஏப்ரல் 8, செவ்வாய் – பர்மிங்ஹாம்

"அங்க பார்க்க என்னம்மா இருக்கு?" என்றுதான் மகள் கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அமெரிக்காவில் அவள் வீட்டில் நான் தங்கும் இந்த ஆறு மாதத்தில் என்னை எங்கெல்லாம் கூட்டிப்போவது என்று அவள் போட்ட பட்டியலில் நயாகரா இருந்தது, ஆர்லாண்டோ இருந்தது, தெற்கு மாநிலமான அலபாமா இல்லை. மருமகனுக்கு அங்குள்ள பர்மிங்ஹாமில் இரண்டு நாள் ஆபீஸ் வேலை வந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் பேரனுக்கு விடுமுறை. விடுமுறை முடிவதற்குள் அவன் 'ஊருக்கு உழைத்த ஓர் ஆசிரியர்' என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்.

"உங்களைப் பத்தியே எழுதிடட்டுமா பாட்டி?" என்றான். பாசத்தில் கேட்கவில்லை, சோம்பேறித்தனம். திருவாரூர் பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் வரலாறு நடத்தியவள் நான். ஊருக்கு உழைத்தேனா என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். வேறு ஆளைப் பாருடா என்றேன். போனில் தேடி ஒரு பெயரைக் காட்டினான்: ஒடெஸ்ஸா வுல்ஃபோக். 1932இல் பர்மிங்ஹாமில் பிறந்தவர். அதே ஊரில் பள்ளி ஆசிரியை. கறுப்பின மக்கள் சம உரிமைக்காகப் போராடிய கதையைச் சொல்லும் அங்குள்ள சிவில் உரிமை அருங்காட்சியகத்தை உருவாக்கியவர்களில் முதல் வரிசை. போகிற ஊரிலேயே ஆள் கிடைத்தது நல்லதாகப் போயிற்று. நானும் பெட்டியைக் கட்டினேன்.

ஏப்ரலில் இந்தப் பக்கம் பைன் மரங்கள் மகரந்தம் கொட்டுகின்றன. வாசலில் நின்ற கார் மஞ்சள் தூளில் புரட்டி எடுத்த மீன் மாதிரி இருந்தது. இரண்டரை மணி நேரப் பயணத்தில் எனக்கு எழுபது தும்மலாவது வந்திருக்கும்.

அலபாமாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. மருமகன் இங்கேயே பத்து வருடமாக இருக்கிறார், அவருக்கும் அது நினைவில்லை. மூன்று மணிக்கு அறை என்று சொன்ன மோட்டலில் நாங்கள் போய் நின்றபோது அவர்கள் கணக்கில் மணி இரண்டு. கல்லாவில் இருந்த குஜராத்திக்காரர் "ஒன் அவர், ஆன்ட்டி" என்று கடிகாரத்தைக் காட்டினார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஏலக்காய் டீயும் கொடுத்தார். டீக்குக் காசு வாங்கவில்லை. அந்த ஒரு மணி நேரம் வீணாகவில்லை என்று சொல்லவேண்டும்.

ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு பழைய உணவகம். ஒரு கறி, அதோடு மூன்று காய் என்பது இங்கே கணக்கு. நான் வறுத்த கெளுத்தி வாங்கினேன். மசாலா கிடையாது, சோள மாவில் புரட்டிப் பொரித்திருந்தார்கள், ஆனால் மீன் நம்ம ஊர்க் கெளுத்தியேதான். வெண்டைக்காய் வறுவல், தட்டைப்பயறு, அப்புறம் ஒரு கீரை. கீரை பிரமாதம் என்று பாதி சாப்பிட்ட பிறகுதான் உள்ளே கிடந்த துண்டு பன்றிக்கறி என்று பேரன் கண்டுபிடித்தான். எனக்கு அது ஆகாது. பரிமாறிய பெண் என் முகத்தைப் பார்த்தாள். "சாரி பேபி" என்று கீரையை எடுத்துக்கொண்டு போய்விட்டு, கேட்காமலே பீச் பழத்தில் செய்த சூடான பண்டம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். பில்லில் அதைப் போடவும் இல்லை. எனக்கு அறுபத்தேழு வயது. என்னை யாராவது பேபி என்று கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று!

படுக்கப் போகும்போதுதான் பல் தேய்க்கிற பிரஷ் எடுத்துவரவில்லை என்று தெரிந்தது. எதிர்க் கடையில் இரண்டு டாலர். ஊதா நிறம்தான் இருந்தது.

ஏப்ரல் 9, புதன் – பர்மிங்ஹாம்

காலைச் சாப்பாடு மோட்டலிலேயே. 'கிரிட்ஸ்' என்று ஒன்று, சோள நொய்யில் காய்ச்சிய கஞ்சி. எல்லாரும் வெண்ணெய் போட்டுக்கொண்டார்கள். நான் கைப்பையிலிருந்த எலுமிச்சை ஊறுகாயைப் போட்டுக்கொண்டேன். பக்கத்து மேசைப் பெரியவர் அது என்ன என்று கேட்டார், ஒரு துளி கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தாலும் நன்றி சொல்லிவிட்டுத்தான் எழுந்து போனார்.

பத்து மணிக்கு அருங்காட்சியகம். பர்மிங்ஹாம் இரும்பாலை ஊர். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கறுப்பின மக்களின் வீடுகளிலும் தேவாலயங்களிலும் அத்தனை குண்டுகள் வெடித்ததால் 'பாமிங்ஹாம்' என்றே இந்த ஊருக்குப் பட்டப்பெயர். வாசலில் பாதிரியார் ஃபிரெட் ஷட்டில்ஸ்வொர்த் சிலையாக நிற்கிறார். 1956 கிறிஸ்துமஸ் இரவில் அவர் வீட்டில் குண்டு வெடித்தது, உயிரோடு எழுந்து வந்தார். அடுத்த வருடம் தன் மகள்களை வெள்ளையர் பள்ளியில் சேர்க்கப் போனபோது சங்கிலியால் அடித்தார்கள். பெண்ணைப் பள்ளியில் சேர்க்கப் போன அப்பாவை!

உள்ளே முதலில் ஒரு படம் காட்டுகிறார்கள். படம் முடிந்ததும் திரை மேலே எழும்புகிறது. பின்னால் இரண்டு குடிநீர்க் குழாய்கள் பக்கத்துப் பக்கத்தில். ஒன்றின் மேல் 'வெள்ளையர்', மற்றதன் மேல் 'நிறத்தவர்'. கூட்டத்தில் யாரும் பேசவில்லை. பேரன் மட்டும், "ரெண்டு குழாய்க்கும் தண்ணி ஒரே பைப்லதானே வரும்?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. எங்கள் பள்ளிக்கு எதிரே இருந்த டீக்கடையில் கொடியில் தொங்கிய அலுமினிய டம்ளர்கள் கண்ணில் வந்து நின்றன. உள்ளே கண்ணாடி, வெளியே அலுமினியம். கொதித்தது ஒரே பாய்லர்.

1959இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்து சென்னை, திருவனந்தபுரம், கன்னியாகுமரி எல்லாம் போனார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனபோது தலைமையாசிரியர் அவரை, 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டப்படாதவர்' என்று அறிமுகப்படுத்தினாராம். முதலில் அதிர்ச்சியாகவும் கோபமாகவும் இருந்தது, யோசித்தபோது அது உண்மை என்று பட்டது என்று கிங் பின்னாளில் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். இதை நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. பாடப்புத்தகத்தில் இல்லை, அதனால் சொல்லவில்லை. முப்பத்தொரு வருடமும் அப்படித்தான் போயிற்று.

அடுத்து கறுப்பினக் குழந்தைகளின் வகுப்பறை, அப்படியே பெஞ்சும் மேசையுமாக. அப்புறம் எரிந்துபோன பேருந்தின் மாதிரி ஒன்று; பேருந்துகளில் இனப் பிரிவினையை எதிர்த்துப் பயணம் செய்தவர்களின் வண்டி, வெள்ளையர் கும்பல் கொளுத்தியது. கிங் 1963 ஏப்ரலில் அடைபட்டுக் கிடந்து, செய்தித்தாளின் ஓரங்களில் 'பர்மிங்ஹாம் சிறையிலிருந்து ஒரு கடிதம்' என்ற புகழ்பெற்ற கடிதத்தை எழுதத் தொடங்கிய சிறை அறையின் கதவையும் வைத்திருக்கிறார்கள். தொட்டுப் பார்க்கத் தோன்றியது, தொடவில்லை.

ஒரு காட்சிக்கூடத்துக்கே ஒடெஸ்ஸா வுல்ஃபோக் பெயர் வைத்திருக்கிறார்கள். பேரன் குறிப்பெடுக்க ஆரம்பித்தான். டாலடேகா கல்லூரியில் படித்தவர். 1963இல் இதே ஊரின் உல்மன் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியை. பிறகு அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகத்தில் நகர விவகாரங்களுக்கான மையத்தை நடத்தினார். தன் ஊருக்காகவே உழைத்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அந்தக் காலத்தில் படித்தவர்கள் ரயிலேறி வடக்கே போய்விடுவதுதான் வழக்கம்.

இந்த இடம் லேசில் வந்துவிடவில்லை. இப்படி ஒன்று வேண்டும் என்ற யோசனையை முதலில் சொன்னவர் டேவிட் வான் என்ற வெள்ளைக்கார மேயர். அவருக்கு அடுத்து வந்த ரிச்சர்ட் அரிங்டன் ஊரின் முதல் கறுப்பின மேயர், அவர் அதைக் கையில் எடுத்தார். குழு போட்டார்கள். வுல்ஃபோக் டீச்சர் அதை முன்னின்று நடத்தினார். கட்டடத்துக்குப் பணம் திரட்டக் கடன்பத்திரம் வெளியிடலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. எண்பதுகளில் இரண்டு முறை கேட்டார்கள், இரண்டு முறையும் ஊர் வேண்டாம் என்றது. பழைய புண்ணை எதற்குக் கிளறுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. கடைசியில் வேறு வழியில் பணம் புரட்டி 1992 நவம்பரில் திறந்தார்கள்.

கூட்டம் கூட்டுவது, மறுத்தவர் வீட்டுக்கே திரும்பப் போவது, ஒரு குழுவில் எதிரும் புதிருமான ஆட்களை உட்காரவைத்து டீ கொடுப்பது என்றுதான் அந்த வருடங்கள் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் நடத்தியவர்களுக்கு இது புரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது குரல்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். எல்லாரும் தலைவர்கள் இல்லை. சமையல்காரர், ஆலைத் தொழிலாளி, அன்று பள்ளியில் படித்தவர்கள். ஒரு பெண்மணி, தான் கைதான அன்று எந்த நிற கவுன் போட்டிருந்தாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்தே விட்டேன். மருமகன் வேலையை முடித்துவிட்டு வந்து, "மாமி, கிளம்பலாமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

எதிரே கெல்லி இன்கிரம் பூங்கா. நடைபாதையின் இரண்டு பக்கமும் இரும்பு நாய்கள் பாய்ந்து நிற்கின்றன, நடுவில் நாம் நடக்க வேண்டும். பேரன் நடந்தான். நான் புல்தரையில் சுற்றிக்கொண்டு போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து தொப்பியைத் தொட்டு, "கதை சொல்லட்டுமா, மேடம்?" என்றார். காசு கேட்பார் என்று மருமகன் தமிழில் முணுமுணுத்தார். கேட்டால் கொடுப்போம் என்றேன்.

1963 மே 2. இனப் பிரிவினையை எதிர்த்து ஊர்வலம் போகக் கிங்கும் மற்றவர்களும் கூப்பிட்டும் பெரியவர்கள் அதிகமாக வரவில்லை. ஊர்வலம் போனால் மறுநாள் வேலை இருக்காது. அதனால் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். கறுப்பின மக்கள் கேட்கும் ரேடியோவில் அறிவிப்பாளர்கள் ஜாடையாகச் சொன்னார்களாம்: பூங்காவில் பார்ட்டி, பிரஷ் எடுத்துக்கொண்டு வாருங்கள், சாப்பாடு போடுவார்கள். பிரஷ் என்றால் சிறை. பிள்ளைகளுக்குப் புரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வகுப்பைவிட்டு வெளியே வந்தார்கள். பார்க்கர் பள்ளியில் கேட்டைப் பூட்டினார்கள், சுவர் ஏறிக் குதித்தார்கள். எதிரே தெரிகிற 16ஆவது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்திலிருந்து வரிசை வரிசையாகப் பாடிக்கொண்டு இறங்கினார்கள். மறுநாள் போலீஸ் கமிஷனர் புல் கானர் நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் இறக்கினார். மரப்பட்டையை உரிக்கிற வேகத்தில் தண்ணீர்.

"எனக்குப் பன்னிரண்டு வயது" என்றார் பெரியவர். "நாயைவிடத் தண்ணீர்தான் பயம். நாய் ஒரு பக்கம்தான் வரும்."

நான் டீச்சர் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. அன்றைக்கு டீச்சர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். தடுத்தால் பிள்ளைகளுக்குத் துரோகம், அனுப்பினால் வேலை போகும். சிலர் ஒரு வழி கண்டுபிடித்தார்களாம். நான் போர்டில் எழுதப் போகிறேன் என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள். எழுதி முடித்துத் திரும்பினால் வகுப்பு காலி. யார் போனது என்று கேட்டால் பார்க்கவில்லை என்பது சத்தியம்.

பெரியவர் சிரித்தார். பேரனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நானும் போர்டு பக்கம் திரும்பியிருக்கிறேன். 1994. ஒன்பதாம் வகுப்பு. அந்த டீக்கடையில் ஒருவர் உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி கிளாஸில் டீ கேட்டார் என்று பெரிய தகராறு. அவருடைய மகன் என் வகுப்பு. இரண்டு வாரம் வரவில்லை. ஒருநாள் வகுப்பு நடுவில் வாசலில் வந்து நின்றான், டி.சி. வாங்க. கையில் பையில்லை. என்னைத்தான் பார்த்தான். நான் போர்டில் பானிபட் போர்களின் வருடங்களை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதிக்கொண்டே இருந்தேன். மூன்று போர், மூன்று வருடம், எவ்வளவு நேரம் ஆகும்? திரும்பியபோது அவன் இல்லை. குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் கோடு போட்டேன். வரிசை எண் 23. பெயர் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

பெரியவர் பத்து டாலர் கேட்டார். இருபது கொடுத்தேன். மருமகன் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் தேவாலயத்துக்குள் போனோம். 1963 செப்டம்பர் 15, ஞாயிறு, காலை 10.22க்கு இங்கே குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூன்று பேருக்குப் பதினான்கு வயது, ஒருத்திக்குப் பதினொன்று. முதல் குற்றவாளிக்குத் தண்டனை 1977இல், மற்ற இருவருக்கு 2001, 2002இல். மேலே வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்று, கைகளை விரித்த கறுப்பு இயேசு. வேல்ஸ் நாட்டு மக்கள் சில்லறை சில்லறையாகப் போட்டு அனுப்பியது. பெரிய மனிதர் யாரும் மொத்தமாகக் கொடுத்துவிடக்கூடாது என்று ஆளுக்கு இவ்வளவுதான் என வரம்பு வைத்து வசூலித்தார்களாம். இந்த யோசனை யாருக்கு வந்ததோ, அவர் வாழ்க.

ராத்திரி புளிசோறு. மகள் கட்டிக் கொடுத்தது. அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன் – மாண்ட்கோமரி

கிளம்புமுன் உல்மன் பள்ளிக் கட்டடத்தைப் பார்த்தேயாக வேண்டும் என்று அடம்பிடித்தேன். பள்ளியை 1970இல் மூடிவிட்டார்கள். கட்டடம் இப்போது பல்கலைக்கழக வளாகத்துக்குள். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னாளில் வெளியுறவு அமைச்சரான காண்டலீசா ரைஸின் அப்பா இங்கேதான் மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகராக இருந்தார். பன்னிரண்டு வயதில் ஊர்வலம் போய் ஐந்து நாள் சிறையில் இருந்த ஃப்ரீமன் ரபாவ்ஸ்கி இங்கே படித்தவர்தான், பிறகு மேரிலாண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு முப்பது வருடம் தலைவராக இருந்தார். வாசலில் நின்று பேரன் என்னைப் போட்டோ எடுத்தான். தும்மும்போது எடுத்துவிட்டான்.

மாண்ட்கோமரிக்கு ஒன்றரை மணி நேரம், வழி முழுக்க மழை. மகரந்தம் கழுவிப்போய் காருக்குச் சொந்த நிறம் வந்தது. நாங்கள் போனபோது சம நீதி முன்முயற்சி என்ற அமைப்பின் இடங்கள் இங்கே மூன்று இருந்தன. மூன்றுக்கும் சேர்த்து ஐந்து டாலர்தான் வாங்கினார்கள். இந்த நாட்டில் ஐந்து டாலருக்கு ஒரு காபிகூடக் கஷ்டம். குன்றின் மேல் இருக்கும் நினைவிடம் 2018இல் திறந்தது. வெள்ளையர் கும்பல்கள் கொன்றுபோட்ட 4,400க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர்களின் நினைவாக எண்ணூறுக்கும் அதிகமான துருப்பிடித்த இரும்புத் தூண்கள், மாவட்டத்துக்கு ஒன்று. முதலில் நம் உயரத்தில் நிற்கின்றன. நடக்க நடக்கத் தரை கீழே இறங்குகிறது, தூண்கள் தலைக்கு மேல் தொங்க ஆரம்பிக்கின்றன. மழையில் துரு வடிந்து தரையெல்லாம் காவி. குடை ஒன்றுதான் இருந்தது, பேரனுக்குக் கொடுத்தேன். அருங்காட்சியகத்தில் ஜாடி ஜாடியாக மண், கொலை நடந்த இடங்களிலிருந்து அள்ளியது. ஒவ்வொன்றிலும் பெயர். கறுப்பு மண், செம்மண், மணல். இதைப் பற்றி அதிகம் எழுத வரவில்லை.

மாலையில், பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதான இடத்தைப் பார்த்தோம். ரோசா பார்க்ஸை எல்லாருக்கும் தெரியும். என் மனதில் நின்றவர் ஜோ ஆன் ராபின்சன். இங்குள்ள அலபாமா அரசுக் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர். 1949இல் பேருந்தில் தவறான இடத்தில் உட்கார்ந்தார் என்று ஓட்டுநர் திட்டியதை அவர் மறக்கவில்லை. 1955 டிசம்பர் 1 இரவு, பார்க்ஸ் கைதான செய்தி வந்ததும், திங்கட்கிழமை யாரும் பஸ் ஏறாதீர்கள் என்று ஒரு நோட்டீஸ் எழுதினார். கல்லூரியில் கூட வேலை பார்த்த ஒருவரையும் இரண்டு மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, நடுராத்திரியில் கல்லூரி இயந்திரத்திலேயே ஆயிரக்கணக்கில் ஓட்டினார். விடியற்காலை நான்கு மணிக்கு முடித்துவிட்டுக் காலையில் வகுப்புக்கும் போனார்! பஸ் புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. பிறகு கல்லூரிக்கு வந்த நெருக்கடியில் 1960இல் வேலையை விட்டுப் போனார். நினைவுகளைப் புத்தகமாக எழுதியிருக்காவிட்டால் அந்த ராத்திரியை யாருக்குத் தெரியும்?

நோட்டீஸ் அடித்த கதை எனக்கு நன்றாகப் புரிந்தது. அரையாண்டு வினாத்தாளுக்கு ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் உருளையைச் சுற்றியவள் நான். கையெல்லாம் மை, மூக்கில் அதன் வாசனை, நூறு தாளுக்கு ஒரு தாள் மடங்கிச் சிக்கும். ஆயிரக்கணக்கில் என்றால் தோள்பட்டை கழன்றிருக்கும். பேரனுக்குச் சைக்ளோஸ்டைல் என்றால் என்ன என்று விளக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. கடைசியில், "ஓ, பிரின்டர்" என்றான்.

நனைந்த செருப்பில் கால் விரல்கள் வெள்ளரி விதை மாதிரி வெளுத்துவிட்டன. அறையின் ஹேர் டிரையரில் செருப்பைக் காயவைத்தேன். வார் ஒன்று பிய்ந்துவிட்டது.

ஏப்ரல் 11, வெள்ளி – செல்மா

மழை விட்டு வெயில். பிய்ந்த வாரில் ஊக்கு மாட்டியிருந்தேன்.

செல்மா சின்ன ஊர். பாதிக் கடைகள் பலகை அடித்துக் கிடக்கின்றன. 2023 ஜனவரியில் சூறாவளி வேறு அடித்தது, கூரை போன வீடுகள் சில இன்னும் அப்படியே. எல்லாரும் பார்க்க வருவது எட்மண்ட் பெட்டஸ் பாலத்தை. 1965 மார்ச் 7 அன்று, ஓட்டுரிமை கேட்டு நடந்த அறுநூறு பேரைப் போலீஸ் அடித்து விரட்டிய இடம். பாலம் நடுவில் மேடாக வளைந்திருக்கிறது. இந்தக் கரையிலிருந்து ஏறும்போது அந்தக் கரையில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. மேடு ஏறிய பிறகுதான் தெரியும். அது எனக்கு எந்தப் புகைப்படத்திலும் புரிந்ததில்லை. பாலத்தின் பெயர் இன்னும் கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தின் தலைவன் ஒருவனுடைய பெயர்தான்.

ஆனால் நான் தேடிப்போனது நீதிமன்றப் படிகளை. பாலத்துக்கு ஆறு வாரம் முன்னால், ஜனவரி 22. செல்மாவின் கறுப்பின ஆசிரியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், பள்ளி விட்டதும், நல்ல கோட்டும் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு வாக்காளராகப் பதிவு செய்ய வரிசையாக வந்தார்கள். முன்னால் வந்தவர் ஃபிரெடரிக் ரீஸ், அறிவியல் ஆசிரியர், பாதிரியார். ஷெரிஃப் ஜிம் கிளார்க் படியில் நின்று தடியால் தள்ளிவிட்டார். அவர்கள் மறுபடி ஏறினார்கள். மறுபடி தள்ளினார்கள். கைது மட்டும் செய்யவில்லை. எல்லா டீச்சரையும் உள்ளே போட்டால் நாளைக்குப் பிள்ளைகள் மொத்தமும் தெருவுக்கு வந்துவிடும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

வரும்போது அவர்கள் கையில் என்ன வைத்திருந்தார்கள் தெரியுமா? பிரஷ். ஆளுக்கொரு பல் தேய்க்கிற பிரஷ். உயர்த்திப் பிடித்துக் காட்டினார்களாம், உள்ளே போகத் தயார் என்று. இதைப் பேரன் படித்துச் சொன்னதும் கைப்பையைத் திறந்து என் ஊதாப் பிரஷ்ஷைப் பார்த்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

திரும்பி வந்த ஆசிரியர்களைத் தேவாலயத்தில் மாணவர்கள் எழுந்து நின்று வரவேற்றார்களாம். அவர்களில் பலர் ஏற்கெனவே சிறைக்குப் போய்வந்தவர்கள். இரண்டு வருடம் முன்னால் பர்மிங்ஹாமில் போர்டு பக்கம் திரும்பினார்கள். இங்கே வாசல் பக்கம் திரும்பினார்கள். இரண்டும் ஒன்றில்லை என்று சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. முன்னதைச் செய்யவே எத்தனை தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் திரும்பியது தைரியத்தில் இல்லை.

படியில் உட்கார்ந்தேன், முழங்கால் அதற்கு மேல் ஒத்துழைக்கவில்லை. அவ்வழியே போன ஒரு பெண்மணி காரை நிறுத்தி, "ஆர் யூ ஓகே, ஹனி?" என்று கேட்டு, பின்சீட்டிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அவசரமில்லாத ஊர். மதியம் ஒரு வீட்டு உணவகத்தில் சோளரொட்டி, பொரித்த பச்சைத் தக்காளி. கீரையைக் கையைக் காட்டித் தவிர்த்தேன். ஐஸ் போட்ட இனிப்பு டீ ஒரு வாளி அளவு, நம்ம கல்யாண வீட்டுப் பாயசம் தோற்றது. மூன்று பேருக்கும் சேர்த்து முப்பத்தாறு டாலர். கண்ணாடி டம்ளரில்தான் கொடுத்தார்கள். கவனித்தேன்.

ஏப்ரல் 12, சனி – வீடு

போகையில் கடிகாரத்தில் கிடைத்த ஒரு மணி நேரத்தைத் திரும்பும்போது பிடுங்கிக்கொண்டார்கள். வந்ததும் மிளகு ரசம் வைத்துக் குடித்தேன். பிரஷ்ஷை செல்மா மோட்டலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பேரன் ஒரு பக்கம் எழுதி முடித்துவிட்டான். நன்றாகத்தான் எழுதியிருக்கிறான். வுல்ஃபோக் டீச்சர் கட்டடம் கட்டினார் என்று இருந்தது. கட்டடம் இல்லைடா, அந்தக் குரல்கள், அதை எழுது என்றேன். இரண்டு வரி சேர்த்தான். கைதான அன்று அந்தப் பெண்மணி போட்டிருந்த கவுனின் நிறமும் அதில் இருந்தது. நான் மறந்துவிட்டேன், அவன் மறக்கவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாங்கள் இருபத்தாறு பேர் ஒரு வாட்ஸப் குழுவில் இருக்கிறோம். அன்றிரவு எழுதிப் போட்டேன்: '1994, ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு, வரிசை எண் 23. டீக்கடைத் தகராறில் திருப்பூர் போன பையன். பெயர் யாருக்காவது நினைவிருக்கிறதா? பழைய பதிவேடு எங்கே இருக்கும்?' ஊரில் அப்போது காலை ஏழு மணி. ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். பதினேழு பேர் பார்த்துவிட்டார்கள் என்று காட்டியது.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பதில் வந்தது. ரோஜாப்பூ படம், 'இனிய காலை வணக்கம்'.